நீ அளந்த முதுகு

மகனே,

உன் கடுதாசி போன திங்கட்கிழமை வந்தது. நலமா என்று கேட்டிருந்தாய். எல்லோரும் நலம்தான். நீ எழுதியிருந்த மற்றதைப் படித்த பிறகு உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. நீ எழுதிய மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் மண்டபம், மேளம், சென்னையிலிருந்து வருகிற உன் ஆபீஸ்காரர்கள் எங்கே குளிப்பார்கள், எங்கே தூங்குவார்கள் என்பது. கடைசி அரைப் பக்கத்தில் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டு உன் தங்கச்சி புஷ்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சை அவள் போட வேண்டாமாம், பெரிய அத்தை மகள் போடட்டுமாம். புஷ்பம் அன்றைக்குச் சமையல்கட்டுப் பக்கம் மேற்பார்வை பார்த்தால் போதுமாம். விருதுநகரில் பெண் வீட்டாருக்கு அவள் முதுகு விஷயம் இன்னும் தெரியாது, மேடையில் அவள் குனிந்தால் ஊரே பார்க்கும், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் அப்படி வருமோ என்று நினைத்துவிடுவார்கள். ‘எல்லார் நன்மைக்கும்தான் சொல்கிறேன் அம்மா’ என்று முடித்திருக்கிறாய். எழுத்தைச் சின்னதாக்கினால் விஷயமும் சின்னதாகிவிடும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புஷ்பத்துக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை என்று அந்த வீட்டில் நீ சொன்னாய். அவள் அன்றைக்குக் காய்ச்சலும் இல்லாமல் கரைச்சலும் இல்லாமல் நம் அச்சாபீசில் லேபிள் தாள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆகவே இந்தக் கடுதாசியில் உன்னைத் திட்டுகிற இடமெல்லாம் என்னையும் சேர்த்தே திட்டுகிறேன் என்று வைத்துக்கொள். ஆனால் நான் எட்டாங்கிளாசோடு நின்றவள். நீ இன்ஜினீயர். உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சேரும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. புஷ்பத்துக்குப் பதின்மூன்று வயசு, தாவணி போட ஆரம்பித்திருந்தாள். அவள் முதுகு வளைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது பெற்றவளான நானும் இல்லை, பெற்றவரான உன் அப்பாவும் இல்லை. தெருமுனைத் தையல்காரர். ரவிக்கைக்கு அளவு எடுத்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ‘அம்மா, பிள்ளைக்கு வலது பக்கம் முதுகுல அரை இஞ்சு கூட விடணும் போலிருக்கு, ஒருக்கா பாத்துக்கிடுங்க’ என்றார். நான் அவர் மேல் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்து அவளைக் குனியச் சொல்லிப் பார்த்தேன். வலது பக்க விலா எழும்பி நின்றது, இடது பக்கம் பள்ளமாக இருந்தது. வலது தோள் உயர்ந்து, இடது தோள் தாழ்ந்திருந்தது. தினமும் தலை பின்னிவிட்ட முதுகு. ஒரு நாளும் நான் பார்த்ததில்லை, சடையைத்தான் பார்த்திருக்கிறேன்.

உன் பெரிய அத்தைக்குச் சேதி போனதும் அவள் வந்து, பிள்ளை ஒரே பக்கமாகக் குடம் சுமந்ததால் வந்தது என்று தீர்ப்புச் சொன்னாள். நம் வீட்டில் குழாய் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. புஷ்பம் குடமே தூக்கியதில்லை. தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை. விஸ்வநத்தத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று அவளே கூட்டிக்கொண்டு போனாள். அந்த மனுஷர் கழுத்துக் குழியிலிருந்து இடுப்புவரை ஒரு நூலை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, ‘ரெண்டு விரக்கடை வித்தியாசம். நாற்பத்தெட்டு நாள்ல நேராக்கிருவேன்’ என்றார். எண்ணெய் போட்டு உருவினார், முட்டியை முதுகில் வைத்து அழுத்தினார். புஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாற்பத்தெட்டாம் நாள் மறுபடி நூலைப் பிடித்து, ஒரு விரக்கடை குறைந்துவிட்டது என்றார். நூலை எங்கே பிடிக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை அவர் கை ஒரு விரல் தள்ளி இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, குறைந்துவிட்டது என்று கேட்க ஆசையாக இருந்தது. இந்த ஆசையை ஞாபகத்தில் வைத்துக்கொள். உனக்கும் அது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அப்புறம்தான் மதுரையில் எலும்பு டாக்டரிடம் போனோம். அப்போது நீ அங்கேயே காலேஜில் முதல் வருஷம், ஹாஸ்டலிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாய். அவர் அதிகம் பேசாத மனுஷர். புஷ்பத்தைத் திரும்பி நிற்கச் சொல்லி, கழுத்தடியில் துருத்தி நிற்கிற எலும்பில் ஒரு நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார், நூல் நுனியில் ஈயக் குண்டு. அது நடு முதுகை விட்டு எவ்வளவு விலகி விழுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்து முன்பக்கமாகக் குனியச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து கண்ணை முதுகு மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்து, பல்பு எரிகிற பெட்டியில் படத்தைச் சொருகினார். நேராக இருக்க வேண்டிய எலும்புகள் பாம்பு ஊர்ந்தமாதிரி வளைந்திருந்தன. உன் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். நீ ஒருத்தன்தான் கிட்டப் போய் நின்றாய்.

அவர் உனக்குத்தான் விளக்கினார். வளைவுக்கு மேல் முனையில் எந்த எலும்பு ரொம்பச் சாய்ந்திருக்கிறதோ அதன் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. கீழ் முனையில் எது ரொம்பச் சாய்ந்திருக்கிறதோ அதன் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் செங்குத்தாக ஒவ்வொரு கோடு இழுத்தால், அவை ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் எத்தனை டிகிரியோ அதுதான் வளைவு. இருபத்தேழு வந்தது. ‘இந்த வயசுலதான் வேகமா வளையும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா படம் எடுத்து அளக்கணும். முப்பத்தஞ்சைத் தாண்டிட்டா மாவுக்கட்டுப் போடணும், தள்ளிப்போடக் கூடாது’ என்றார். நீ அவர் கோணம் அளந்த பாகைமானியை வாங்கி நீயே ஒரு தடவை வைத்துப் பார்த்து இருபத்தேழு என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அவள் முதுகு வளைந்திருக்கிறது, உனக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

ஆறு மாசம் கழிந்தபோது தீபாவளி லேபிள் சீசன். பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் ஆர்டர் கொடுத்துவிட்டு அச்சாபீஸ் வாசலில் ஆளைக் காவல் போட்டிருந்த நேரம். ‘மதுரைக்கு எதுக்கு அலையணும், விருதுநகர்லயே படம் எடுப்போம், பையன் லீவுக்கு வரும்போது அளந்து சொல்லிருவான்’ என்றார் உன் அப்பா. மனுஷர் சீசன் முடிந்தால் சாவுக்குக்கூட நேரம் ஒதுக்குவார், அதற்கு முன்னால் கல்யாணத்துக்கும் ஒதுக்கமாட்டார். படம் வந்தது. நீயும் வந்தாய். கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை வைத்து, மதுரை டாக்டர் முதல் படத்தில் கோடு போட்டிருந்த எலும்பு மேலேயிருந்து எத்தனையாவது என்று எண்ணி, புதுப் படத்திலும் அதே எண்ணிக்கையில் கோடு போட்டாய். புதுப் படத்தில் மேல் பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. அதை நீ கவனிக்கவில்லை.

புஷ்பம் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ‘அண்ணே, மேல நீ கோடு போட்ட எலும்பைவிட அதுக்கு மேல இருக்கிறதுதான் இன்னும் சாஞ்சிருக்கு. அதுல கோடு போட்டுப் பாரேன்.’

‘ஏ பிள்ள, எட்டாங்கிளாஸ் படிக்கிறவ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்’ என்றாய்.

‘என் முதுகுதானே அண்ணே.’

‘முதுகு உன்னுது. அளக்கிறது நான்.’

நான் அடுப்படியிலிருந்து, ‘அண்ணன் படிச்சவன், நீ சும்மா இரு’ என்று சத்தம் கொடுத்தேன். அவள் சும்மா இருந்தாள். நீ இருபத்தெட்டு என்றாய், ஒரு டிகிரி கூடியது பென்சில் தடிப்பால் வந்தது என்றாய். உன் அப்பா அச்சாபீசுக்குப் போனார். அடுத்த ஆறு மாசத்தில் இன்னொரு படம். அதே ஜன்னல், மேலே அதேமாதிரி வெட்டுப்பட்ட படம், அதே எண்ணிக்கை. முப்பது என்றாய். முப்பத்தைந்தைத் தாண்டவில்லை, மாவுக்கட்டு வேண்டாம், எல்லாருக்கும் சந்தோஷம்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். இதை உன் அப்பாவிடமும் நான் சொன்னதில்லை. அந்த ஒரு வருஷமும் நான்தான் அவளுக்கு ரவிக்கை தைத்தேன், தையல்காரரிடம் மறுபடி போகவில்லை. இடது பக்கப் பள்ளம் வெளியே தெரியாமலிருக்க ரவிக்கைக்கு உள்ளே பஞ்சு வைத்து மெத்தை மாதிரி தைத்துவிடுவேன். முதல் ரவிக்கைக்கு ஒரு பிடிப் பஞ்சு போதுமாக இருந்தது. நீ இருபத்தெட்டு என்று சொன்ன மாசம் இரண்டு பிடி. நீ முப்பது என்று சொன்னபோது மூன்று பிடி வைத்தும் பள்ளம் மூடவில்லை. என் கைக்குத் தெரிந்துவிட்டது. உன் பாகைமானி சொன்னதை நம்பினால் நான் மதுரைக்குப் போக வேண்டியதில்லை, ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கையை நம்பாமல் உன்னை நம்பினேன். நீ தெரியாமல் தப்புச் செய்தாய். நான் தெரிந்தே அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டில் எது கேவலம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் படம் எடுத்து ஒன்றரை வருஷம் கழித்து, அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி மதுரைக்குப் போனோம். உனக்கு அப்போது பரீட்சை, நீ வரவில்லை. டாக்டர் புதுப் படம் எடுத்தார், நாங்கள் கொண்டுபோன பழைய படங்களையும் வாங்கி நாலையும் வரிசையாக வைத்தார். உன் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு, ‘இது யாரு போட்டது?’ என்று கேட்டார். எம் மகன், இன்ஜினீயருக்குப் படிக்கிறான் என்றேன். அவர் உன் கோட்டை ரப்பர் வைத்து அழித்துவிட்டு வேறு எலும்பில் போட்டார். ‘ஓரத்துல போட வேண்டிய கோட்டை வளைவுக்கு உள்ள போட்டிருக்காரு. உள்ள போட்டா கம்மியாத்தான் காட்டும்’ என்றார். நீ இருபத்தெட்டு என்று சொன்னது முப்பத்தாறு. முப்பது என்று சொன்னது நாற்பத்தைந்து. அன்றைக்கு எடுத்தது ஐம்பத்துநாலு. அவர் கோடு போட்ட எலும்பு எது என்று புஷ்பம் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் பக்கத்தில் அவள் உனக்குக் காட்டிய அதே எலும்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டுகிறவரை அவள் படங்களை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம், ‘அம்மா, அண்ணன்கிட்ட இதச் சொல்லாதீக. பரீட்சை எழுதுறான்’ என்றாள். பரீட்சை முடிந்த பிறகு கேட்டேன். ‘இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது’ என்றாள். திடீரென்று கூடிவிட்டது என்றுதான் உனக்குச் சொன்னோம். அந்தப் பதினைந்து வயசுப் பிள்ளை சொன்னதைத்தான் இத்தனை வருஷமும் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். உன் கடுதாசி வந்த திங்கட்கிழமையோடு அதை விட்டுவிட்டேன்.

மாவுக்கட்டுப் போட்டதை நீ பார்க்கவில்லை, கட்டோடு அவளைப் பார்த்தாய். தாடையில் வார் மாட்டி மேலே இழுத்துக் கட்டி, கால் நுனி மட்டும் தரையில் படும்படி நிற்கவைத்து, ஈரமான மாவுத்துணியை இடுப்பிலிருந்து கழுத்துவரை சுற்றினார்கள். பத்து மாசம். நடுவில் இரண்டு தடவை பிரித்து மாற்றிக் கட்டினார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்குள் அவள் வெந்தாள். அரிப்பு எடுத்தால் விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விட்டுச் சொரிவாள். பள்ளிக்கூடத்து பெஞ்சில் குனிந்து எழுத முடியாமல், கடைசி வரிசையில் ஜன்னல் திட்டில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதி முழுப்பரீட்சை பாஸ் செய்தாள். நீ லீவுக்கு வந்தபோது அந்தக் கட்டில் விரலால் தட்டி, ‘நல்ல கெட்டியான வேலைதான்’ என்றாய். அவள் சிரித்தாள். கட்டைப் பிரித்தபோது நாற்பத்தாறுக்கு வந்திருந்தது, பிறகு நாற்பத்தெட்டில் நின்றுவிட்டது. வளர்த்தி முடிந்துவிட்டது, இனி இதுதான் என்றார் டாக்டர். முப்பத்தாறிலேயே வந்திருந்தால் முதுகு எங்கே நின்றிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். ‘அதை இப்ப கேக்காதீங்க’ என்றார். மரியாதையான மனுஷர்.

அவளைப் பெண் பார்க்க வந்த கூத்து உனக்குத் தெரியும், நீயும் லீவில் இருந்தாய். தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தார்கள், வெடி ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள். பையனுடைய அத்தை ஒருத்தி பட்டுச்சேலையில் ஒரு பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்கள், கேட்க மட்டும் வாய் இல்லை. அந்த அம்மாள் குங்குமச் சிமிழை மடியிலிருந்து நழுவவிட்டு, ‘அடடா, எடுத்துக் குடும்மா’ என்றாள். குனிந்தால் முதுகு தெரியும் அல்லவா. நான் எடுத்துக் கொடுக்க எழுந்தேன். புஷ்பம் கையைக் காட்டி என்னை உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். டாக்டர் சொல்கிறமாதிரி இரண்டு கையையும் சேர்த்து, காலை ஒட்டி வைத்து, மெதுவாகக் குனிந்து அப்படியே நின்றாள்.

‘நல்லா பாத்துக்கிடுங்க. வலது பக்கம்தான் உசந்திருக்கும். நாற்பத்தெட்டு டிகிரி. இதுக்கு மேல வளையாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு’ என்றாள். நிமிர்ந்து சிமிழை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். குடித்திருந்தாலும் நஷ்டம் எனக்குத்தான். நீ அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. ‘இவளுக்கு எதுக்கு இந்தத் திமிரு? ஊருக்கு முன்னால மானத்த வாங்குறா.’ உன் தங்கச்சியை மாடு பிடிக்கிறமாதிரி பார்க்க வந்தவர்களைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அத்தைக்காரியை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளாவது வெளியாள். உன் கடுதாசியில் நீயும் அவளை மாதிரியே சிமிழை நழுவவிட்டிருக்கிறாய். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது, உனக்கு மறைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் திமிர்பிடித்தவள்தான் உன் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து கண் மங்கிய பிறகு அச்சாபீசை நடத்துகிறாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அவளுக்கு வலி வரும், உட்கார்ந்துகொள்வாள், மறுபடி எழுவாள். வேலைக்காரர்கள் அவளை முதலாளியம்மா என்று கூப்பிடுகிறார்கள், உன்னை ‘மெட்ராஸ் தம்பி’ என்கிறார்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உன் கடுதாசியைப் புஷ்பத்திடம் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள். ‘சமையல்கட்டுல நான் இருந்தா சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்’ என்றாள். நான் விருதுநகர் போய் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். ‘நானும் வாறேன். நீங்க மட்டும் போனா என்னையப் பாதி மூடி வச்சுத்தான் பேசுவீக’ என்றாள். அதுவும் உண்மைதான்.

புதன்கிழமை காலையில் போனோம். உனக்குப் பார்த்திருக்கிற சரோஜாவும் அவள் அப்பா, அம்மாவும் இருந்தார்கள். நான் ஒன்றையும் விடவில்லை. மாவுக்கட்டு, நாற்பத்தெட்டு டிகிரி, நாம் சரோஜாவைப் பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சொன்ன காய்ச்சல் பொய், எல்லாம் சொன்னேன். அவள் அப்பா பருப்பு வியாபாரி, எதையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர். புஷ்பத்தையே கேட்டார், ‘இது குடும்பத்துல வர்றதாம்மா?’

‘சில குடும்பத்துல வருதாம், பலதுல வர்றதில்லையாம். எங்க வீட்ல எனக்கு மட்டுந்தான். யாரும் உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. வந்தாலும் சின்னதுல பாத்து, சரியா அளந்தா தடுத்துக்கிடலாம்’ என்றாள். சரியா அளந்தா என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள். ‘இத இப்ப வந்து சொல்றதுக்கு என்ன காரணம், அத்தே?’ என்று கேட்டாள். கெட்டிக்காரி. நான் உன் கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். நீ எழுதியதுதானே, படித்தால் என்ன. அவள் கடைசி அரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு புஷ்பத்திடம், ‘எம்புட்டு நேரம் நின்னா உங்களுக்கு வலிக்கும், மதினி?’ என்று கேட்டாள்.

‘ஒரு மணி நேரம்.’

‘ஒரு முடிச்சுப் போட அம்புட்டு நேரம் ஆகாதே’ என்றாள். கடுதாசியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா நம் அச்சாபீசுக்கு வந்தார். உன் கல்யாணப் பத்திரிகை எழுத்துக் கோத்து, மெஷினில் ஏற்றத் தயாராக இருந்தது. அதைப் பார்த்தார், கையால் தொடவில்லை. ‘முதுகை நாங்க ஒரு விஷயமா நினைக்கல. உங்க மக நல்ல பிள்ளை. ஆனா எம் மக ராத்திரியும் பகலும் அந்தக் கடுதாசியத்தான் கேக்கா. நாளைக்குத் தனக்கு ஒண்ணுன்னா தன்னைய எங்க கொண்டுபோய் வைப்பாகன்னு கேக்கா. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. பத்து நாள் டைம் கேட்டிருக்கா. அதுவரைக்கும் பத்திரிகைய நிறுத்தி வைங்க’ என்றார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு புஷ்பம் என்மேல் பாய்ந்தாள். கடுதாசியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தது தப்பு, அண்ணன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்றாள். நான் கோபத்தில், அவன் உன் முதுகைக் கெடுத்தானே, அதையும் எழுதப் போகிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னாள், ‘அவன் தப்பாத்தான் அளந்தான். ஆனா அந்தப் படத்தைக் கையில எடுத்துப் பாத்தது அவன் ஒருத்தன்தான். அப்பாவும் பாக்கல, நீங்களும் பாக்கல. அத மறந்துட்டு எழுதாதீக.’

மறக்காமல் எழுதிவிட்டேன். அவள் சொன்னது நியாயம். பதினெட்டு வயசில் நீ படத்தைக் கையில் எடுத்தாய், அந்த ஒன்றுக்காக நான் உன்னைக் கும்பிடலாம். உன் குறை அப்போது தொடங்கவில்லை. மேலே இருக்கிற எலும்பைப் பார் என்று அந்த முதுகுக்கு உரியவளே சொன்னபோது பார்க்காமல் விட்டாயே, அங்கே தொடங்கியது. யாருக்கு வலிக்கிறதோ அவர்கள் ஒரு இடத்தைக் காட்டினால் நாற்காலியை விட்டு எழுந்து அந்த இடத்தைப் பார். நாளைக்குச் சரோஜா காட்டினாலும் பார், உன் பிள்ளை காட்டினாலும் பார். சரோஜா உனக்கு வாய்த்தால்தான் இந்தப் புத்தி உனக்குப் பயன்படும்.

பத்து நாளில் மூன்று நாள் போய்விட்டது. சரோஜாவுக்கு நீ எழுதுவதோ நேரில் போய்ப் பேசுவதோ உன் பாடு, என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரமாட்டேன். சொல்லித்தந்தால் அதையும் அழகாக மூன்று பக்கம் எழுதிவிடுவாய். ஆனால் அதற்கு முன்னால் நீ ஊருக்கு வா. ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, எனக்கு உன்னைப் பார்க்க அவசரம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அச்சாபீசுக்குப் போ. காலையில் அவள் மெஷின் பக்கத்தில்தான் இருப்பாள். அவள் நிற்கிற நேரமாக இருந்தால் நீயும் நின்று பேசு. உட்கார்ந்திருந்தால் தரையில் உட்கார். மன்னிப்புக் கேட்டால் அவள், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே’ என்று உடனே சொல்லிவிடுவாள். அதை நம்பிவிடாதே.

உன்னைப் பெற்றவள்